முற்றத்துப் போதனை

முற்றத்துப் போதனை என்பது, தந்தை தன் மக்களுக்குச் சொல்லும் அறிவுரையைக் குறிக்கும் சீன மரபுத்தொடர். நான்கு எழுத்துகளால் ஆன இத்தொடரை மாண்டரினில் ‘குவோ திங் சீ ஷுன்’ என்பர். முற்றத்தைக் கடக்கையில் பெற்ற போதனை என்று பொருள். ‘திங் ஷுன்’ என்பது இதன் சுருக்கம். கன்பூசியஸுக்கும் அவர் மகனுக்கும் இடையே நடந்த இரு சிறு உரையாடல்கள் இதன் மூலம்.

தோற்றம்

கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்துள்ள ‘லுன்யூ’ நூலின் 16ஆம் இயல், 13ஆம் பகுதியில் இந்நிகழ்ச்சி வருகிறது. சென் காங் என்பவர் கன்பூசியஸின் மகனை அணுகி, மாணவர்கள் கேட்டிராத பாடம் எதையாவது தந்தையிடம் கேட்டதுண்டா என்று வினவினார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் மகன். ஒருநாள் தந்தை தனியே நின்றிருக்க, மகன் முற்றத்தை விரைந்து கடந்திருக்கிறார். பெரியோர் முன் சிற்றடி வைத்து விரைவது அக்கால மரியாதை. பாடல்களைக் கற்றாயா என்று தந்தை கேட்டார். இல்லை என்றதும், அவற்றைக் கல்லாதவனுக்குப் பேசும் திறம் வாய்க்காது என்றார். மகன் போய்ப் பாடல்களைக் கற்றார். இன்னொரு நாள் இதே போன்ற சந்திப்பில், சடங்குமுறைகளைக் கற்றாயா என்ற கேள்வி வந்தது. அவற்றைக் கல்லாதவன் ஊன்றி நிற்க முடியாது என்ற அறிவுரையும் வந்தது. மகன் அதையும் கற்றார்.

இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் தாம் கேட்டதில்லை என்று மகன் சொல்ல, சென் காங் மகிழ்ந்து திரும்பினார். ஒன்றைக் கேட்கப்போய் மூன்றை அறிந்ததாக அவர் கருதினார்: பாடலின் பயன், சடங்கின் பயன், சான்றோர் தம் மகனுக்குத் தனிச் சலுகை காட்டாமல் தள்ளி நிற்பர் என்பது.

இங்கே பாடல்கள் எனப்படுபவை, 305 பாடல்களைக் கொண்ட ‘ஷீ ஜிங்’ தொகுப்பில் அடங்கியவை. அக்காலத் தூதர்களும் அமைச்சர்களும் அரசவையில் இவற்றை எடுத்தாண்டே தம் கருத்தை உணர்த்தினர். பாடல் அறியாதவருக்கு அவையில் பேச இடமில்லை.

மகன்

மகனின் இயற்பெயர் கோங் லீ. வழங்குபெயர் போ யூ. மரபுக் கணக்குப்படி கி.மு. 532இல் பிறந்தவர். லூ நாட்டு மன்னர் ஜாவ், பிள்ளை பிறந்ததற்குக் கெண்டை மீன் ஒன்றைப் பரிசாக அனுப்பியதால் குழந்தைக்குக் கெண்டை என்று பொருள்படும் ‘லீ’ என்ற பெயர் அமைந்ததாக ‘கோங்ஜி ஜியாயூ’ கூறுகிறது. 50 வயதில், தந்தை உயிருடன் இருக்கும்போதே அவர் இறந்தார் என்பது வரலாற்றாசிரியர் சீமா சியன் தரும் செய்தி. அவரை உட்பெட்டியில் மட்டுமே அடக்கம் செய்ததாகவும், புறப்பெட்டி தரவில்லை என்றும் கன்பூசியஸே லுன்யூவின் 11ஆம் இயலில் குறிப்பிடுகிறார். லீயின் மகன் சீஸூ பின்னர் புகழ்பெற்ற அறிஞரானார்.

விளக்கங்கள்

கன்பூசியஸ் தம் மகனிடம் பாசமற்று இருந்தார் என இதைப் படிப்பவர்கள் உண்டு. அது மேலோட்டமான வாசிப்பு. தள்ளி நிற்பது பகைமை அன்று, சந்திப்பதற்கு நேரமும் பழகுவதற்கு முறையும் வகுத்துக்கொள்வதே என்று சோங் காலத்துச் சீமா குவாங் விளக்கினார். மகனுக்கும் மாணவருக்கும் ஒரே பாடம்தான் என்ற விளக்கத்தை ஜூ சீ (1130–1200) தம் உரையில் சேர்த்துக்கொண்டார். இவர்களுக்கு வெகுகாலம் முந்திய மென்சியஸ் ஒருபடி மேலே சென்றிருந்தார். தந்தையே ஆசிரியரானால் கண்டிப்பு கோபமாகும், கோபம் உறவைக் கெடுக்கும். ஆகவே முன்னோர் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கற்பித்தனர் என்பது அவர் கருத்து. மகனுக்கெனத் தனிப்பாடம் இல்லை என்று சொல்ல வந்த கதை, தந்தை மகனுக்குச் சொல்லும் தனிப்பாடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

வழக்காறு

தாங் காலக் கவிஞர் வாங் போ, தந்தையைக் காணச் செல்லும் வழியில் 675இல் எழுதிய தெங் மன்னர் மாடத்து முன்னுரையில் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். து ஃபூவும் தந்தை பணியாற்றிய ஊருக்குச் சென்றதை முற்றத்தில் விரைந்ததாகவே குறித்தார். ‘ஷூ பூ’ என்னும் எழுத்துக்கலை நூலை 687இல் எழுதிய சுன் குவோதிங்கின் பெயரும் முற்றம் கடத்தல் என்றே பொருள்படும். சிங் பேரரசர் காங்ஷி தம் மக்களுக்குச் சொன்ன அறிவுரைகளை, அவருக்குப்பின் ஆண்ட மகன் யோங்ஜெங் 1730இல் ‘திங் ஷுன் கெயான்’ என்ற பெயரில் தொகுத்தார். ஜப்பானில், ‘திங் ஷுன்’ என்பதன் ஜப்பானிய வடிவான ‘தெய்கின்’ என்ற சொல்லைப் பெயரில் கொண்ட ‘தெய்கின் ஓராய்’ என்னும் கடிதத் தொகுப்பு, எடோ காலத் திண்ணைப் பள்ளிகளில் பாடநூலாக இருந்தது.

சூஃபுவில் உள்ள கன்பூசியஸ் கோயிலில், இந்நிகழ்ச்சியின் நினைவாகப் பாடல்–சடங்கு மண்டபம் உள்ளது. அக்கோயில் வளாகம் 1994இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்றைய நிலை

இத்தொடர் இன்று பெரும்பாலும் எழுத்து நடையில் மட்டுமே வழங்குகிறது. ஆனால் அது சுட்டும் வீட்டுப் போதனை மறைந்துவிடவில்லை: பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோர் இருவர் மீதும் சுமத்தும் சட்டம் சீனாவில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.