அப்புக்காத்தர் அமைச்சரான கதை

எங்கட வீடுகளில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயர் இரண்டு விதமாக வரும். ஒருவர் அவரின்ர வழக்காடும் திறமையைப் பற்றி மணிக்கணக்காய்க் கதைப்பார். இன்னொருவர், "மலையகத் தமிழரின்ர பிரஜாவுரிமையைப் பறிக்கக் கை தூக்கினவர்" எண்டு ஒரே வரியில் முடித்துவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது எண்டு தேடி வாசித்தபோது, கதை நாங்கள் நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது.

1901 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்து, பிறகு சட்டத்துக்கு வந்தவர். 1931 இல் சர்வசன வாக்குரிமையோடு முதல் அரசாங்க சபைத் தேர்தல் வந்தபோது, முழுச் சுயாட்சி இல்லையே எண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. அந்தப் பகிஷ்கரிப்பு முடிந்த பிறகு, 1934 இல் பருத்தித்துறையிலிருந்து பொன்னம்பலம் சபைக்குப் போனார். இரண்டு வருசத்தில் முழுக்கச் சிங்களவரே இருந்த அமைச்சர் சபை ஒன்று அமைந்தது. பெரும்பான்மை எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் சிறுபான்மையினர் என்ன செய்வது? அவருடைய அரசியல் முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பியது.

அதற்கு அவர் சொன்ன விடைதான் ஐம்பதுக்கு ஐம்பது. சபையில் பாதி இடம் சிங்களவருக்கு, மற்றப் பாதி ஏனைய எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்து. 1944 இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கி, சோல்பரி ஆணைக்குழுவின் முன்னால் இதற்காக வாதாடினார். ஆணைக்குழு ஏற்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கோ. அந்த மற்றப் பாதிக்குள் மலையகத் தமிழரும் இருந்தார்கள். அவர்களையும் எண்ணித்தான் அவருடைய கணக்கு நின்றது.

1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்திருந்த அருணாசலம் மகாதேவாவை பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் தோற்கடித்தார். ஒரு வருசம் கழித்து, 1948 செப்டெம்பரில், அதே கட்சியின் அரசாங்கத்தில் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சரானார். அரசு நல்லெண்ணம் காட்டினால் நாமும் ஒத்துழைப்போம் என்பதுதான் அவர் சொன்ன நியாயம்.

பலர் குழப்பிக்கொள்கிற இடம் இதுதான். பிரஜாவுரிமைச் சட்டங்கள் இரண்டு. முதலாவது 1948 ஓகஸ்டில் வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர் எண்டு காட்டவேணும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டவேணும். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவர் அந்தப் பத்திரங்களுக்கு எங்கே போவார்? இந்தச் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. பொன்னம்பலமும் எதிர்த்தார். அப்போது அவர் அமைச்சர் இல்லை.

இரண்டாவது, இந்திய பாகிஸ்தானியர் சட்டம். திருமணமானவர் 7 வருசம், ஆகாதவர் 10 வருசம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபித்து விண்ணப்பிக்கவேணும். அது டிசெம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் அமைச்சர். ஆதரித்தார். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் எதிர்த்து வெளியேறி, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அதே வருசம் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. வாக்குரிமையும் போய், ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடில்லாதவர்களாக நின்றார்கள். ஓகஸ்டுக்கும் டிசெம்பருக்கும் இடையில் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் மாறியது அவர் இருந்த கதிரைதான்.

அந்தக் கதிரையால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை எண்டும் சொல்ல ஏலாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. வடக்கு கிழக்கில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன.

எங்களை உறுத்துவது 1952 தேர்தல். யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் திரும்பவும் வென்றார். மலையக மக்களுக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டு போன செல்வநாயகம் தோற்றார். எங்கே? சீமெந்துத் தொழிற்சாலை எழுந்த அதே காங்கேசன்துறையில். தோற்கடித்தது ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர். அந்த நாடாளுமன்றத்தில் மலையக மக்களின் பிரதிநிதி எண்டு சொல்ல ஒருத்தரும் தெரிவாகவில்லை. "ஜீ. ஜீ. துரோகம் செய்தார்" எண்டு சொல்லிவிட்டு நாங்கள் எழும்பிப் போவது சுகம். ஆனால் நாலு வருசம் கழிச்சு வந்த அந்தத் தேர்தலில் எங்கட ஆக்களும் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த இழப்பை அவர்கள் தங்கட இழப்பாகப் பார்க்கவில்லை.

1953 இல் சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானபோது பொன்னம்பலத்தின் அமைச்சுப் பதவி போனது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கை வென்றெடுத்தது. 1960 இல் யாழ்ப்பாணத் தொகுதியையே அல்பிரட் துரையப்பாவிடம் இழந்தார். 1965 இல் மீண்டும் வென்றார், 1970 இல் மீண்டும் தோற்றார். 1976 இல் அமிர்தலிங்கத்துக்கு எதிரான ட்ரயல் அட் பார் வழக்கில், வயது எழுபதைத் தாண்டிய நிலையில், பழைய எதிரியான செல்வநாயகத்தோடு ஒரே பக்கத்தில் நின்றார். 1977 பெப்ரவரியில் அவர் காலமானார். ஏப்ரலில் செல்வநாயகமும் போனார்.

நீதிமன்றத்தில் வழக்குக் கொடுத்தவரைக் கட்சிக்காரர் எண்டு சொல்லுவோம். கட்சிக்காரர் யார் எண்டு அப்புக்காத்தருக்கு எப்பவும் தெரியும். அமைச்சருக்கு அது அவ்வளவு தெளிவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது கேட்டபோது மலையக மக்கள் பொன்னம்பலத்தின் கணக்கில் இருந்தார்கள். பதவி வந்தபோது விடுபட்டுப் போனார்கள்.

சீமெந்துத் தொழிற்சாலை போரோடு நின்றுபோனது. மலையகத்தில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அமைச்சுப் பதவி எடுத்தால் அபிவிருத்தி வரும் எண்டு இன்றைக்கும் எங்களிட்டக் கேட்டு வருவினம். வரட்டும், கேட்போம். ஆனால் அந்தக் கணக்கில் யாரை விட்டுவிட்டு வருகினம் எண்டும் கேட்போம்.