கிஷ்ஷின் நாலுகால் பாய்ச்சல்

மலேசியாவின் குருணில், ஜெராய் மலை தெரியும் ஒரு பள்ளி மண்டபத்தில் சொற்போருக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் 4 நிமிடத்தில் 11 காரணங்களைக் கொட்டினான். பாதிக்கு ஆதாரமே இல்லை. மறுக்க எழுந்த மாணவி ஒன்றை எடுத்துப் பொறுமையாக உடைத்தாள். இரண்டாவதைத் தொட்டதும் மணி அடித்துவிட்டது. மற்றவற்றுக்கு அவளிடம் பதிலில்லை என்றே சபை நினைத்தது. மதிப்பெண் தாளின்படி நானும் பையனுக்கே வெற்றி எழுதினேன். இன்றும் உறுத்துகிறது.

இந்த உத்திக்கு 1994-இல் பெயர் வைத்தவர் யூஜெனி ஸ்காட். அமெரிக்கப் பள்ளிகளில் பரிணாமப் பாடத்தைக் காக்க உழைத்த மானிடவியலாளர். பெயருக்கு உரியவர் டுவேன் கிஷ்; பெர்க்லியில் 1953-இல் முனைவர் பட்டம் பெற்ற உயிர்வேதியியலாளர், உயிர்களைக் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்று ஊர் ஊராகப் போய் வாதிட்டவர். மேடை கிடைத்தால் புதைபடிவம், வெப்பவியல் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். அந்த ஓட்டத்தைத்தான் ஸ்காட் 'கிஷ் கேலப்', அதாவது கிஷ்ஷின் நாலுகால் பாய்ச்சல், என்றார்.

கிஷ் சொன்னவற்றில் ஒரு வண்டுக் கதை உண்டு. எதிரி நெருங்கினால் பின்புறத்திலிருந்து கொதிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் வண்டு அது. அதன் உடலிலுள்ள ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தாலே வெடிக்கும். தடுக்கும் பொருள் முதலிலேயே இல்லாவிட்டால் வண்டு செத்திருக்கும். ஆகவே அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்பார். சொல்ல அரை நிமிடம் போதும். 1978-இல் சான் டியேகோவின் உயிரியல் பேராசிரியர்கள் வில்லியம் த்வைட்ஸும் ஃபிராங்க் ஆப்ரேயும் இரண்டையும் கலந்தே காட்டினார்கள். வெடிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மறுக்க ரசாயனமும் செய்முறையும் வேண்டியிருந்தன. ஒவ்வொரு கூற்றையும் அங்கங்கே நிறுத்திப் பதில் சொல்ல இடமிருந்தால் மட்டும் வாதிடப் போங்கள் என்று ஸ்காட் சொன்னது இதனால்தான்.

இப்படி அடுக்கிக் கொட்டுவதை நம் பழைய மரபும் அறிந்திருந்தது. 'விதண்டாவாதம்' நம் வீட்டுச் சண்டை வரை புழங்கும் சொல். அதற்கு இலக்கணம் வகுத்த பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம், வாதத்தில் ஒருவர் தோற்கும் இடங்கள் 22 என்கிறது. ஒரு காரணம் போதும் என்ற இடத்தில் மேலும் அடுக்குவது அவற்றிலொன்று. அதன் பெயரே 'அதிகம்'. மூன்று முறை சொல்லியும் சபைக்கு விளங்காத பேச்சும் தோல்விதான். மிக வேகமாக உச்சரிப்பதும் அப்படி விளங்காமல் போகக் காரணம் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் எழுதியிருக்கிறார்.

அடுத்த சொற்போருக்கு ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: ஆளுக்கு 3 காரணம், அந்த மூன்றுக்கும் மறுப்பு முடியும்வரை மணி அடிக்கக் கூடாது.