மூளையைக் காக்குமா குளிர்?



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய ஹாஸ்டல் கதை எதையாவது எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 2022-ஆம் ஆண்டிலிருந்து என் மனசை விட்டுப் போகாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல, நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தத் தவளை பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? தவளையின் இதயத்தை கைமோகிராஃபின் நெம்புகோலோடு இணைத்து, கரி பூசிய உருளையில் அதன் துடிப்பைக் கோடாக வரைய வைப்போம். அட்டெண்டர் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவருவார். "ஐஸ் கரையறதுக்குள்ள முடிங்கப்பா, இன்னொரு வாட்டி வாங்கியாற முடியாது" என்பார். குளிர்ந்த ரிங்கர் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் துடிப்பு மந்தமாகும். கோடுகள் விலகி விலகி விழும். வெதுவெதுப்பான கரைசலை விட்டால் மறுபடி வேகம் பிடிக்கும். "குளிர்ந்தால் உயிரின் செலவு குறையும்" என்று பேராசிரியர் சொன்னதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு சரி, மறந்துவிட்டேன்.

2022-ல் என் மகளுக்குப் பிரசவம். வலி நீண்டுகொண்டே போயிற்று. பேரன் பிறந்தான், அழவில்லை. மூச்சு வரவைத்து, ஆம்புலன்சில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் சரியாகப் போகவில்லை என்றார்கள். இப்படிப்பட்ட குழந்தையை மூன்று நாள் குளிரவைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்கள் என்று எப்போதோ படித்தது என் நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டேன். என் மகன் வயசுதான் இருக்கும் அவருக்கு.

"அதை நாங்க இப்ப செய்யறதில்லை சார்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிநாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கறது நம்ம ஊர்க் குழந்தைக்குக் கிடையாதா?" என்று சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. "காரணம் இருக்கு சார். அப்புறம் உக்காந்து சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார். அந்தக் காரணத்தைத் தேடிப்போய் நான் தெரிந்துகொண்ட வரலாறுதான் இந்தக் கட்டுரை.

நெருப்பருகே இறந்தவர்கள்

நம் மூளை, உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. அன்றாடம் காய்ச்சிக் குடும்பம் மாதிரி. ரத்த ஓட்டம் நின்றால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நினைவு போகும். நாலைந்து நிமிஷத்தில் செல்கள் சாகத் தொடங்கும். உடல் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் செலவு 6, 7 சதவீதம் குறையும். நம் தவளை சொன்ன பாடம் இதுதான்.

1812-ல் நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்தபோது உடன் சென்ற அறுவை மருத்துவர் லாரே, காயம்பட்ட வீரர்களில் நெருப்பை ஒட்டிப் படுத்தவர்கள் சீக்கிரம் இறந்ததைக் குறித்து வைத்தார். அக்னித் தலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

1950-ல் கனடாவின் டொரன்டோவில் பிகலோ என்ற அறுவை மருத்துவர், நாய்களின் உடலைக் குளிரவைத்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தைச் சில நிமிஷம் நிறுத்திக் காட்டினார். 1952 செப்டம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் குழுவினர் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை 28 டிகிரி வரை குளிரவைத்தார்கள். இதயத்தைத் திறந்து, உள்ளே இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார்கள். ரத்தம் நின்றது ஐந்தரை நிமிஷம். அவள் பிழைத்தாள். இதய நுரையீரல் இயந்திரம் வெற்றி பெற்றது அதற்கு அடுத்த வருஷம்தான். பெரிய ரத்தக்குழாய் அறுவைகளில் இன்றைக்கும் உடலைக் குளிரவைக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் குளிரவைத்தது ரத்தத்தை நிறுத்துவதற்கு *முன்பு*. ஆபத்து நடந்து முடிந்த *பிறகு* குளிரவைத்தால் பலன் உண்டா? அது வேறு கேள்வி.

இரண்டாவது அடி

1959-ல் ஸ்வீடனில் வெஸ்டின் குழுவினர், பிறந்து மூச்சு விடாத குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷமே நியூயார்க்கில் சில்வர்மேன், குறைமாதக் குழந்தைகளுக்கு வெதுவெதுப்புதான் உயிர் என்று காட்டியிருந்தார். குளிரும் குழந்தை சாகும் என்ற பயம் பரவியது. விஷயம் அப்படியே தூங்கிப் போயிற்று.

அதை எழுப்பியது 1980-களில் லண்டனில் ரெனால்ட்ஸ் குழு செய்த ஆராய்ச்சி. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் மூளை, ரத்தம் திரும்பியதும் முதலில் தேறுகிறது; சில மணி நேரம் கழித்து மறுபடி சரிகிறது. ஆக, அடி ஒன்றல்ல, இரண்டு. ரத்தம் திரும்பிய பிறகு செல்களுக்குள் கால்சியம் பெருகுவதும், நச்சுப் பொருள்கள் சேர்வதும், வீக்கமும் சேர்ந்துதான் இரண்டாவது அடியைக் கொடுக்கின்றன. நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் குளிரவைத்தால் அதைத் தடுக்கலாமே! 1997-ல் நியூசிலாந்தில் கன் குழுவினர் கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளில் இதைச் செய்துகாட்டினார்கள். 2005-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளும், 2009-ல் பிரிட்டனில் வந்த ஆய்வும் குழந்தைகளிடமும் பலனைக் காட்டின. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம், 33 முதல் 34 டிகிரியில் வைப்பது. பணக்கார நாடுகளில் இதுவே வழக்கமான சிகிச்சை ஆயிற்று.

பெரியவர்கள் விஷயத்திலும் இதே மாதிரி நம்பிக்கை எழுந்தது. இதயம் நின்று மீண்டவர்களைக் குளிரவைத்தால் நல்லது என்று 2002-ல் இரண்டு ஆய்வுகள் சொல்லின. 2013-ல் 33 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் வித்தியாசமில்லை என்றார்கள். 2021-ல் சுமார் 1,900 பேரைச் சேர்த்த ஆய்வில், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதைவிடக் குளிரவைப்பதால் கூடுதல் பலன் தெரியவில்லை.

நம் பக்கத்து வேலூரில்

விலை உயர்ந்த குளிரூட்டும் கருவிக்கு நம் ஆஸ்பத்திரிகள் எங்கே போகும்? வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். குறிப்பிட்ட சூட்டில் உருகி, உருகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருளை மெத்தைபோல் ஆக்கி, குழந்தையை அதன்மேல் கிடத்தினார்கள். ஐஸ் உருகி முடியும்வரை அதன் சூடு ஏறாதே, அதே தத்துவம்தான். 50 குழந்தைகளைச் சேர்த்து அங்கே நடந்த சிறிய ஆய்வில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன.

பிறகு வந்தது ஹீலிக்ஸ் ஆய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாக்டர் சுதின் தய்யில் தலைமையில், 2015 முதல் 2019 வரை, சென்னை, பெங்களூர், மும்பை, இலங்கையின் ராகம, டாக்கா ஆகிய இடங்களில் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். பாதிப் பேருக்குக் குளிர், பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. முடிவு 2021-ல் வெளிவந்தது. குளிரவைத்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். குளிரவைக்காதவர்களில் 31 சதவீதம். மரணத்தையும் ஊனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் குளிரால் லாபமில்லை.

இந்த எண்களைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சத்தம் போட்டுக் கேட்டது எதை?

ஏன் இப்படி? நம் பக்கத்துக் குழந்தைகளில் பலருக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்போ, நீண்ட வலியின்போது கொஞ்சம் கொஞ்சமாகவோ நடந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிறக்கும்போதே அந்த இடைவேளை கடந்துபோயிருந்தால் குளிருக்கு அங்கே வேலையில்லை. முழு வசதியுள்ள சில மையங்களில் குளிரவைப்பது தொடர்கிறது. நிபுணர்களிடையே விவாதமும் தொடர்கிறது.

அந்த டாக்டரைப் பிறகு பார்த்தபோது, "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க கேட்டது தப்பில்ல சார். வேற ஊர்ல பலிச்சது இங்க பலிக்குதான்னு நம்ம குழந்தைங்ககிட்டயே பார்த்துத்தான் சொல்லணும். நிறையத் தாய்தகப்பன் சம்மதிச்சதாலதான் இது தெரிஞ்சது" என்றார். அந்த 408 வீடுகளை அன்று மனசுக்குள் கும்பிட்டேன்.

பேரன் பிழைத்தான். தாமதமாகத்தான் நடந்தான். இடது கை இன்னும் கொஞ்சம் இறுக்கம்; வாராவாரம் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறோம். "தாத்தா" என்று தெளிவாகக் கூப்பிடுகிறான்.

இதைப் படிக்கும் யாரும் வீட்டில் குளிர்வைத்தியம் பார்த்துவிடாதீர்கள். பிறந்த குழந்தைக்கு அம்மாவின் மார்ச்சூடுதான் முதல் மருந்து. பிரசவ வலி நீண்டால் காத்திருக்காமல், சிசேரியன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கடந்துபோன நிமிஷத்தை எந்த ஐஸும் திருப்பித் தராது.

போன கார்த்திகையில் மலைமேல் தீபம் ஏற்றியபோது மாடியில் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். வலது கையை நீட்டி, "சூடு" என்றான்.



— முன்னாள் மாணவன், விலங்கியல் பிரிவு, 1974–77