முதற் பட்டதாரிகளின் பிற்கால வாழ்வு

கல்லூரியை விட்டு நீங்கி இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் சென்ற பின்னர், ஒரு வகுப்பில் உடன் பயின்றோர் ஓரிடத்தில் கூடி உண்டு உரையாடி மகிழ்வது இந்நாளில் பெருகி வரும் நல்வழக்கமாகும். அத்தகைய கூட்டங்களில் முதற்கண் எழும் வினாக்கள் எவை? “இன்னார் எங்கே இருக்கிறார்? என்ன உத்தியோகம்? வீடு கட்டினாரா? மக்கள் எத்தனை பேர்? பெண்ணுக்கு மணமாயிற்றா?” என்பனவே. இவை இயல்பான வினாக்கள், அன்பினால் எழுவன, இவற்றைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும், இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளால் ஒருவருடைய வாழ்வை அளந்துவிட முடியுமா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

இதனை ஆராய்வதற்கு, நம் நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் வரிசையினரையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் பட்டம் பெற்றபோது எந்நிலையில் இருந்தனர், கால் நூற்றாண்டு கழித்து எந்நிலையில் இருந்தனர் என்று பார்ப்போமாயின், நமக்கு வேண்டிய விடை ஒருவாறு புலப்படும்.

இந்தியாவில் இருப்புப் பாதையும் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை என்பதை இருப்புப் பாதை ஊழியராகிய நம்மனோர் பெருமையுடன் நினைவு கூரலாம். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதற் பயணிகள் வண்டி ஓடிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15-இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி விடப்பட்டது. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை முதல் நாள் வண்டி சென்றது. இம்மூன்று நகரங்களிலேயே 1857-இல் மூன்று பல்கலைக்கழகங்கள் சட்டத்தினால் நிறுவப்பட்டன. ஜனவரி 24-இல் கல்கத்தா, ஜூலை 18-இல் பம்பாய், செப்டம்பர் 5-இல் சென்னை என்பது அவற்றின் வரிசை. வடநாட்டில் சிப்பாய்களின் பெருங்கிளர்ச்சி மூண்டெழுந்த ஆண்டும் அதுவே.

இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த இவை தொடக்கத்தில் தாமே பாடம் கற்பித்தன அல்ல. கல்லூரிகளில் கற்றோருக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கும் பணியையே மேற்கொண்டன. அத்தேர்வுகளும் எளியவையாக இருக்கவில்லை. கல்கத்தாவில் 1858-இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் இருவரே வெற்றி பெற்றனர். அவர்களும் ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு தேறி, ஆறாவதில் ஏழுக்கு மேற்படாத மதிப்பெண் குறைந்து நின்றவர்கள். அக்குறையைப் பொறுத்துப் பல்கலைக்கழகத்தார் அவர்களுக்குப் பட்டம் அளித்தனர். அவ்விருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் யதுநாத வசுவும் ஆவர். சென்னையிலும் முதற் பட்டதாரிகள் இருவரே. அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் ஆவர். பம்பாயில் முதல் பி.ஏ. பட்டம் 1862-இல் நால்வருக்குக் கிடைத்தது. மகாதேவ கோவிந்த ரானடே, இராமகிருஷ்ண கோபால பண்டார்கர், வாமன் ஆபாஜி மோடக், பால மங்கேஷ் வாக்ளே என்போர் அந்நால்வர். ஆக, மூன்று நகரங்களின் முதற் பட்டியல்களிலும் உள்ள பெயர்கள் எட்டே.

கல்கத்தாவின் இருவரை முதலிற் காண்போம். பங்கிமர் தேறியபோது அவருக்கு அகவை இருபது. அவ்வாண்டே டிப்டி மாஜிஸ்திரேட்டு உத்தியோகம் கிடைத்தது. ஜெஸ்ஸோர், குல்னா, பாருய்ப்பூர், பெர்காம்பூர் என்று ஊர் ஊராக மாற்றப்பட்டு, வழக்குக் கேட்பதிலும் வரி தண்டுவதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து, 1891-இல் ஓய்வு பெற்றார். உடன் பயின்றோர் கூடி வினவியிருப்பின், “மாஜிஸ்திரேட்டு உத்தியோகம்; அடிக்கடி மாற்றல்” என்பதே விடையாக வந்திருக்கும். அந்த விடையில் அடங்காதது எது? முதலில் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதிப் பார்த்த அவர், விரைவிலே தம் தாய்மொழிக்குத் திரும்பி, 1865-இல் ‘துர்க்கேச நந்தினி’ என்னும் வங்காள நவீனத்தை வெளியிட்டார். 1872-இல் பெர்காம்பூரில் அலுவல் பார்த்துக்கொண்டே ‘வங்க தரிசனம்’ என்ற திங்களிதழைத் தொடங்கினார். பட்டம் பெற்று இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றபின், 1882-இல், ‘ஆனந்த மடம்’ நூலாக வெளிவந்தது. அதனுள் அமைந்த ‘வந்தே மாதரம்’ பிற்காலத்தில் நாடு முழுவதும் ஒலித்து, 1950-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் தேசிய கீதத்திற்கு ஒப்பான மதிப்புப் பெற்றதை யாவரும் அறிவர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் தோன்றியதும் ஒரு ஜனவரி 24-ஆம் நாளே என்பது நினைந்து இன்புறற்குரியது. அவருடன் தேறிய யதுநாதரோ, முதற் பட்டியலைக் குறிப்பிடும் இடங்களிலன்றி வேறிடத்தில் அரிதாகவே பேசப்படுகிறார்.

சென்னையின் இருவர் வரலாறு தமிழராகிய நமக்கு மேலும் அணுக்கமானது. விசுவநாத பிள்ளை 1820-இல் பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆசிரியராக விளங்கியவர். 1855-இல் தமிழில் வீசகணித நூல் இயற்றியவர். தாமோதரம் பிள்ளை 1832-இல் சிறுப்பிட்டியில் பிறந்து அதே வட்டுக்கோட்டையிற் பயின்றவர். பன்னிரண்டு ஆண்டு மூத்தவரும் இளையவரும் ஒரே தேர்வில் அமர்ந்து ஒருங்கே பட்டம் பெற்றனர் என்பது எண்ணுந்தோறும் உவகை தருகின்றது. கற்பதற்கு வயது தடையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தாமோதரம் பிள்ளை கடல் கடந்து சென்னைக்கு வந்தது ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகைப் பணிக்காக. பின்னர்க் கள்ளிக்கோட்டையில் ஆசிரியத் தொழில். அதன்பின் சென்னை அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம். அதற்கிடையே 1871-இல் பி.எல். பட்டம். 1882-இல் ஐம்பதாம் அகவையில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் திண்ணையில் சாய்ந்துவிட்டாரல்லர். கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். இவையெல்லாம் உத்தியோகக் கணக்கு. அவருடைய உண்மைக் கணக்கு வேறு.

பணியில் இருந்தபோதே 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். 1881-இல் வீரசோழியத்தை அச்சேற்றினார். ஓய்வுக்குப் பின் 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891-இல் எழுத்ததிகாரம், 1892-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சொல்லதிகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பித்தார். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சுக்கு வந்தது அவர் தந்த கலித்தொகையே. ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடுவதும், செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிவதும், அச்சுக் கூலிக்குப் பொருள் திரட்டுவதும் எத்துணைத் துன்பமானவை என்பதைப் பதிப்புத் தொழில் அறிந்தோர் அறிவர். கணக்குப் பார்த்த கையும் சட்டம் பயின்ற மதியும் அத்தொழிலுக்கு எவ்வளவு துணை செய்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தாமோதரம் பிள்ளை ஐம்பதாம் அகவையோடு தம் வாழ்க்கைக் கணக்கை முடித்திருந்தால், நமக்கு எஞ்சியிருப்பவை இரண்டொரு பதிப்புக்களே அல்லவா?

இனி, நாம் குடிபுகுந்து வாழும் இந்நகரத்தின் நால்வரை நோக்குவோம். அந்நாளைய பம்பாயே இந்நாளைய மும்பை. ரானடே நீதித்துறையிற் புகுந்தார். அவருடைய பொதுப்பணிகளைக் கண்டு ஐயுற்ற ஆங்கில அரசாங்கத்தார் அவரைப் பூனாவிலிருந்து துலியா போன்ற ஊர்களுக்கு மாற்றியதுண்டு. அவர் மனம் தளரவில்லை. 1893-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். பட்டம் பெற்றதன் இருபத்தைந்தாம் ஆண்டாகிய 1887-இல் இந்திய சமூக சீர்திருத்த மாநாட்டைத் தோற்றுவித்தார். அதன் முதற் கூட்டம் நடந்தது சென்னையில். கலித்தொகை அச்சில் வந்ததும் அதே ஆண்டு என்பதை ஈண்டு நினைத்தல் தகும். மராத்தி முதலிய தாய்மொழிகளுக்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உரிய இடம் வேண்டுமென்று அவர் விடாது வாதாடினார். மராத்தியர் எழுச்சியைப் பற்றிய அவருடைய வரலாற்று நூல் 1900-இல் வெளிவந்தது.

பண்டார்கர் பள்ளித் தலைமையாசிரியராகத் தொடங்கி, வடமொழிப் பேராசிரியராக உயர்ந்து, தக்காணத்தின் பண்டை வரலாற்றை 1884-இல் எழுதி, 1893 முதல் 1895 வரை தாம் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்திற்கே துணைவேந்தராகவும் விளங்கினார். 1917-இல் அவருடைய எண்பதாம் பிறந்த நாளன்று பூனாவில் அவர் பெயரால் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அவர் அதற்கு வழங்கினார். மோடக் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் தலைமையை வகித்தார். வாக்ளே வழக்கறிஞராகிப் பிரார்த்தனா சமாஜத்தில் தொண்டாற்றினார்.

இந்நால்வர் வாழ்வில் நம் உள்ளத்தை மிகவும் கவர்வது ஒரு நிகழ்ச்சி. பட்டம் பெற்று இருபதாண்டுகளுக்கு மேல் ஆனபின், 1880-களில், பூனாவில் பெண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பேஷ்வா காலத்துக் குதிரை லாயம் இருந்த இடத்தில் அமைந்தமையால் அதற்கு ‘ஹுஜூர்பாகா’ என்று பெயர் வழங்கலாயிற்று. அதை நிறுவ முன்னின்றவர்களுள் ரானடே, பண்டார்கர், மோடக் ஆகிய மூவரும் இருந்தனர். 1862-ஆம் ஆண்டுப் பட்டியலில் அடுத்தடுத்து நின்ற பெயர்கள், ஒரு பள்ளியின் அடிப்படையிலும் அடுத்தடுத்து நின்றன! எண்மர் பட்டியலில் பெண் ஒருவரும் இல்லை. கல்கத்தாவில் காதம்பினியும் சந்திரமுகியும் பட்டம் பெற 1883 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமக்குக் கிடைத்த கல்வி தம் தங்கையர்க்கும் மகளிர்க்கும் கிடைக்கவில்லையே என்று அம்மூவரும் எண்ணிச் செயலாற்றினர். பழைய மாணவர் கூடுவதன் பயன் இதனினும் மேலாக வேறு யாதாக இருத்தல் கூடும்?

1901-ஆம் ஆண்டு பிறந்தவுடன் ஜனவரி முதல் நாள் தாமோதரம் பிள்ளை காலமானார். அதே திங்கள் 16-ஆம் நாள் ரானடே மறைந்தார். பதினைந்து நாள் இடைவெளியில் இரு மொழியினரும் தத்தம் முதற் பட்டதாரியை இழந்தனர்.

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்குங்கால் ஓருண்மை தெளிவாகின்றது. எண்மருள் பெரும்பாலோர் மாதச் சம்பளத்திற்கு உழைத்தவர்கள். மேலதிகாரிக்கு விடை சொன்னவர்கள். மாற்றல் ஆணை வந்தபோது மூட்டை கட்டியவர்கள். அவ்வகையில் அவர்கள் நம்மினும் வேறானவர்கள் அல்லர். அலுவல் ஒழிந்த பொழுதையும், ஓய்வு பெற்றபின் கிடைத்த ஆண்டுகளையும் அவர்கள் எதற்குச் செலவிட்டனர் என்பதிலேதான் வேறுபாடு உளது. உத்தியோகம் அவர்களுக்குச் சோறு தந்தது. ஒழிந்த பொழுது அவர்களுக்குப் புகழையும், நமக்கு நூல்களையும் பள்ளிகளையும் தந்தது.

மற்றோர் உண்மையும் உண்டு. யதுநாதரையும் வாக்ளேயையும் பற்றி நாம் எழுதக்கூடியவை ஓரிரு வரிகளே. அவர்கள் ஒன்றும் செய்யாதவர்கள் என்று இதனாற் கொள்ளலாகாது. எழுதி வைப்பார் இல்லாத வாழ்வு எத்துணை நல்வாழ்வாயினும் மறக்கப்பட்டுவிடும் என்பதே இதன் பொருள்.

இதனை நம் சங்கம் மனங்கொள்ளுதல் வேண்டும். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஒரு பெட்டியும் ஒரு முகவரியுமாக இந்நகரத்திற்கு வண்டியேறி வந்தவர்கள் நம் முன்னோர். அவர்களுட் பலர் பகலில் கணக்கெழுதி, மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தனர். புத்தக அலமாரி ஒன்றைத் தோளிற் சுமந்து வந்து நூல்நிலையம் தொடங்கினர். அவர்களுள் சிலர் இன்றும் நம்மிடையே உளர். ஆண்டுதோறும் ஒருவர் இருவராக மறைந்தும் வருகின்றனர். அவர்களைக் கேட்டு எழுதிவைப்பார் யார்? அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தப் பள்ளியில் எவரிடம் தமிழ் கற்றனர், இங்கு யாருக்குக் கற்பித்தனர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, ஆண்டு மலர்தோறும் நால்வர் வரலாற்றையேனும் அச்சிடுவோமாக. பொருட் செலவு மிகுதியில்லை. ஒரு குறிப்பேடும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

அன்பர்களே! இனி எங்கேனும் பழைய தோழரைக் காணும்போது உத்தியோகத்தையும் வீட்டையும் மக்களையும் பற்றி முறைப்படி வினவுங்கள். வினவிய பின்னர், “ஒழிந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?” என்று மேலும் ஒரு வினா எழுப்புங்கள். அவர் தரும் விடையைக் கேட்பதோடு, அவ்வினாவை அவர் நம்மிடம் திருப்பிக் கேட்டால் கூசாது சொல்லத்தக்க விடை ஒன்றையும் நாம் தேடி வைத்துக்கொள்வோமாக.