கோலி சோடாவிலிருந்து நோன்பு துறப்பு வரை: ‘கலர்’ வந்த வழி



சென்ற ரமழானின் ஒரு மாலை. திருவாதவூரில் நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் நோன்புக் கஞ்சிக் குவளைகளோடு, அன்று இரண்டு லிட்டர் கலர் பாட்டில்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வெளிநாட்டில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் தம் செலவில் வாங்கித் தரச் செய்தவை அவை. பாங்கு ஒலித்ததும் பிள்ளைகளின் கைகள் பேரீச்சம்பழத்தை விட அந்தப் பாட்டில்களை நோக்கியே விரைந்தன. நாமும் தடுக்கவில்லை, ஒரு குவளை அருந்தவும் செய்தோம். மஃரிப் தொழுகை முடிந்தபின் பத்து வயது மாணவன் ஒருவன், மீதமிருந்த அரைப் பாட்டிலைக் கையில் ஏந்தியபடி எம்மிடம் வந்தான். “ஹஜ்ரத், இதை எங்க அத்தாவுக்கு எடுத்துட்டுப் போகவா? அவங்களுக்கு சுகர் இருக்கு. ஆனா இது நம்ம நாட்டுக் கலர்தானே, ஒண்ணும் செய்யாதுல்ல?”

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நாமே. ஃபலஸ்தீன மக்களுக்காக அந்நிய நிறுவனங்களின் குளிர்பானங்களைத் தவிர்ப்போம், வேண்டுமானால் நம் நாட்டுத் தயாரிப்பை வாங்குவோம் என்று சில வாரங்களுக்கு முன்புதான் வகுப்பில் சொல்லியிருந்தோம். நாம் சொன்னது ஒன்று. பிள்ளை விளங்கிக்கொண்டது வேறொன்று. அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் சரியான விடை இல்லை. பின்னர் இந்தப் பானத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அதையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

இனிப்பு நீரை உலகுக்கு அறிமுகப்படுத்தியதில் முஸ்லிம்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ‘சர்பத்’ என்ற சொல் ‘குடித்தல்’ என்று பொருள்படும் ‘ஷரிப’ எனும் அரபு மூலத்திலிருந்து பிறந்தது. ஆங்கிலேயர் ‘சிரப்’ என்று சொல்வதும் அதே மூலத்தின் கிளைதான். அரபு மருத்துவர்கள் கசப்பான மூலிகைச் சாறுகளை நோயாளி விழுங்கும் பொருட்டுச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தனர். சர்க்கரை அன்று விலையுயர்ந்த பொருள். அளந்து கொடுக்கப்பட்ட மருந்துத் துணை. மதுரை வீதிகளில் இன்றும் விற்கும் நன்னாரி சர்பத், பெயரால் அந்த மரபின் தொலைதூர உறவு.

நுரை சேர்ந்த கதை வேறு. 1767ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசஃப் பிரீஸ்ட்லி என்ற கிறிஸ்தவப் போதகர், தம் வீட்டருகே இருந்த பீர் ஆலையில் நொதிக்கும் தொட்டிகளின் மேல் ஒருவகை வாயு தங்கி நிற்பதைக் கவனித்தார். அந்த வாயுவில் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து வைத்தபோது, தண்ணீருக்கு இதமான புளிப்புச் சுவை வந்தது. அதுவே இன்று நாம் கரியமில வாயு என்று அழைப்பது. (‘பீர்த் தொட்டியில் பிறந்த சோடா ஆகுமா?’ என்று கேட்கும் மாணவர்கள் எம்மிடம் உண்டு. அவர் எடுத்தது வாயுவை மட்டுமே, பானத்தை அல்ல. இன்றைய சோடாவின் வாயு உருளைகளில் அடைத்து வருகிறது. அதில் ஐயம் வேண்டாம்.) 1772இல் அவர் செய்முறையை நூலாக வெளியிட்டார். கடற்பயணிகளின் ஸ்கர்வி நோய்க்கு இந்நீர் மருந்தாகும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. சோடா மட்டும் நிலைத்தது. 1783இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் என்பவர் இதை வணிகமாக்கினார்.

வாயுவை நீரில் ஏற்றுவது எளிது. அதைப் பாட்டிலுக்குள் அடக்கி வைப்பதுதான் அரிது. 1870களில் ஹிரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதற்குக் கண்ட வழிதான் நம் கோலி சோடா. கழுத்தில் ரப்பர் வளையம், உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்பினால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வளையத்தில் இறுக்கிவிடும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். இங்கிலாந்து இந்தப் பாட்டிலை மறந்து பல காலம் ஆயிற்று. நம் தமிழகம் மறக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்த, ‘டப்’ என்ற ஓசையோடு கோலி இறங்குவதைக் கேளாமல் வளர்ந்தவர் எம் வயதுடையோரில் எவரும் இருக்க முடியாது.

கிணற்று நீரையும் குளத்து நீரையும் அஞ்சிய வெள்ளையர், அடைக்கப்பட்ட சோடாவைப் பாதுகாப்பானது என்று கருதி அருந்தினர். மெல்ல அது நம் மக்களிடமும் வந்தது. விருதுநகரில் 1916ஆம் ஆண்டு பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளி ஏரேட்டட் வாட்டர் ஒர்க்ஸ், பின்னாளில் காளிமார்க் என்ற பெயரால் தென்மாவட்டங்கள் முழுவதும் அறியப்பட்டது. அதன் பவண்டோ இன்றும் மதுரைக் கடைகளில் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒருபுறமிருக்க, ஊருக்கு ஊர் சிறு சோடாக் கம்பெனிகளும் இருந்தன. சாயமும் இனிப்பும் சேர்த்த சோடாவுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘கலர்’. சாயத்தையே பெயராக வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்தக் காலத்தின் ஒரு தன்மையைச் சற்று நின்று நோக்க வேண்டும். நம் சிறுபிராயத்தில் விருந்தாளி வந்தால் அத்தா நம்மிடம் காசு கொடுத்து, “ஓடிப்போய் ஒரு கலர் வாங்கிட்டு வா” என்பார். பாட்டில் கடைக்காரருடையது, குடித்து முடித்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது முன்பணம் கட்ட வேண்டும். வந்த விருந்தாளிக்கு ஒன்று. நமக்கு அடியில் மிஞ்சிய இரண்டு மிடறு. வலீமா விருந்துகளிலும் அப்படியே: பிரியாணிக்குப் பின் ஆளுக்கு ஒரு சிறு பாட்டில், பெரும்பாலும் பெரியவர்களுக்கு மட்டும். பாட்டில் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமே, யாரும் நினைக்காமலேயே, அளவுக்கு ஒரு வேலியாக இருந்தது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் பாட்டில் வந்தபோது அந்த வேலி விழுந்தது. கடையில் நின்று குடித்தது வீட்டுக்கு வந்தது. வீட்டில் குளிர்பெட்டி வந்ததும் அதன் கதவில் நிரந்தர இடம் பிடித்தது. நம் பார்வையில் இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் எந்த நிறுவனத்தின் வருகையும் அன்று, இந்தப் பாட்டில் மாற்றமே.

அமெரிக்கக் கோலாக்களும் மருந்துக் கடையில் பிறந்தவைதாம். 1886இல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் கோகோ கோலாவைத் தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்குமான மருந்து போல அறிமுகப்படுத்தினார். பெப்சியின் பெயரிலேயே செரிமானத்தின் சாயல் உண்டு. பிரியாணிக்குப் பின் கலர் குடித்தால் செரிக்கும் என்று நாம் இன்றும் சொல்வது அந்தப் பழைய விளம்பரத்தின் எதிரொலி போலும். உண்மையில் வயிற்றில் சேர்ந்த வாயு ஏப்பமாக வெளியேறுகிறது. அதைச் செரிமானம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

1977இல் ஜனதா அரசு அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி உள்நாட்டுப் பங்குடைமையை வலியுறுத்த, கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அரசே ‘77’ என்ற பெயரில் ஒரு கோலாவை வெளியிட்டது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்து, பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டது. 2000களின் தொடக்கத்தில் 200 மில்லி பாட்டில் 5 ரூபாய்க்கு வந்தபோது, வயலில் நாற்று நடுவோரின் கையிலும் அது சேர்ந்தது.

பிறகு வந்தவை போராட்டங்கள். கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதாக, 2002 முதல் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் போராடினர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நம் அண்டை மாவட்டமான சிவகங்கையின் படமாத்தூரிலும் 2003இல் மக்கள் திரண்டனர். அதே 2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 வகைக் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தது. சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் அதை உறுதி செய்தது. தாமிரபரணி நீரைக் கங்கைகொண்டான் ஆலைகளுக்குத் தருவதற்கு எதிரான வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் தொடக்கத்தில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பெரியாற்றுக் கால்வாய் நீரை நம்பி வாழும் மேலூர் வட்டத்தாராகிய நமக்குத் தண்ணீர் பற்றிய கோபம் புதிதன்று. நாமும் அன்று கடைகளில் உள்நாட்டுக் கலரைக் கேட்டு வாங்கினோம்.

முஸ்லிம் உலகிலும் இதே போக்கு. 2002இல் பிரான்சில் தவ்ஃபீக் மத்லூதி என்பவர் ‘மெக்கா கோலா’ என்று ஒன்றைத் தொடங்கினார்; இலாபத்தில் ஒரு பகுதி ஃபலஸ்தீனத்துக்கு என்று அறிவித்தார். புனித நகரின் பெயரைக் கோலாப் பாட்டிலில் ஒட்டியதைப் பார்க்கும்போது நமக்கு மகிழ்ச்சியை விடக் கூச்சமே மேலிடுகிறது.

இத்தனை போராட்டங்களிலும் யாருடைய தண்ணீர், யாருடைய பணம், என்ன நஞ்சு என்ற கேள்விகள் எழுந்தன. அவை நியாயமானவை, புறக்கணிப்பை நாம் இன்றும் சரியென்றே கொள்கிறோம். ஆனால் பாட்டிலுக்குள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்த ஒன்றை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அது சர்க்கரை.

கோலா வகைகளில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி என்றால் ஐந்து தேக்கரண்டிக்கு மேல். இரண்டு லிட்டர் பாட்டிலில் 200 கிராமுக்கும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது மேலும் நன்று என்றும் கூறுகிறது. பின்னது ஒரு நாளுக்குச் சுமார் 25 கிராம். ஒரே சிறு பாட்டில் அதை முடித்துவிடுகிறது. திரவமாக இறங்கும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. இரத்தத்தில் விரைந்து ஏறுகிறது. அதிலுள்ள ஃபிரக்டோஸ் மிகுந்தால் கல்லீரலில் கொழுப்பாகத் தங்குகிறது. கோலாவின் பாஸ்பாரிக் அமிலமோ பல்லின் எனாமலைக் கரைக்கும் அளவுக்குப் புளிப்பானது. சர்க்கரை இல்லாக் கோலாவும் இதில் விலக்கு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தபடி, நம் நாட்டில் நீரிழிவோடு வாழ்வோர் 10 கோடிக்கும் மேல்.

பகல் முழுதும் வெறுமையாய் இருந்த குடலில் இது முதலாவதாக இறங்குவதை எண்ணிப் பாருங்கள். பேரீச்சம்பழத்திலும் இனிப்பு உண்டே என்பர். உண்டு, ஆனால் அது நார்ச்சத்தோடு, மென்று, இரண்டு மூன்று என்ற எண்ணிக்கையில் உட்செல்கிறது. நபி (ஸல்) அவர்களின் நோன்பு துறப்பு பேரீச்சம்பழமும், அது இல்லையேல் தண்ணீருமாக இருந்ததை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம்; நடத்திவிட்டுக் கலரை ஊற்றுகிறோம்.

நம்முடையது என்பதால் எதற்கும் விலக்கு அளிக்க இயலாது. பன்னீர் சோடாவும் இனிப்பே. நன்னாரி சர்பத்தும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகே. நாம் பெருமை பேசும் மதுரை ஜிகர்தண்டாவில் பாலும் பாகும் ஐஸ்கிரீமும் சேர்ந்து கோலாவை விஞ்சக்கூடும். வெறும் சோடாவில் மட்டும் சர்க்கரை இல்லை. எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடித்தால் எமக்கு ஆட்சேபம் இல்லை (இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பையும் விட்டுவிடுக).

அந்த மாணவனிடம் அன்றிரவு பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, “வேண்டாம் தம்பி, அத்தாவுக்கு ஆகாது” என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். காரணம் சொல்லவில்லை. இப்போது வகுப்பில் ஒரு கண்ணாடிக் குவளையில் ஐந்து தேக்கரண்டி சர்க்கரையை அவர்கள் கையாலேயே அளந்து போடச் செய்து காட்டினோம். “இவ்வளவா ஹஜ்ரத்?” என்று முதலில் கேட்டவன் அவன்தான்.

வெளிநாட்டுச் சகோதரருக்கும் எழுதினோம்: இவ்வாண்டு அதே தொகைக்குப் பேரீச்சம்பழமும் எலுமிச்சையும் வாங்க அனுமதி வேண்டும் என்று. மறுநாளே இசைவு தந்தார். ஜமாஅத்தில் பெரியவர் ஒருவர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்: “கஞ்சி சரி ஹஜ்ரத், கலியாணப் பிரியாணிக்கு என்ன செய்யப் போறீங்க?” அதை அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஒரு நிக்காஹ் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.