செப்பாக்கம்

செப்பாக்கம், தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் எண்ணூருக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூர் ஆகும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி அமைந்துள்ளதால், காற்று மாசு பற்றிய செய்திகளில் இவ்வூரின் பெயர் இடம்பெற்று வருகின்றது.

நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பல், நீருடன் கலக்கப்பட்டுக் குழாய்கள் வழியாகக் குளத்திற்கு அனுப்பப்படுகின்றது. குழாய் கசிந்தால் சாம்பற்கூழ் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிகின்றது. மீனவர்களும், கையால் இறால் பிடிக்கும் இருளர்களும் பிழைப்பை இழக்கின்றனர். குளம் காய்ந்தாலோ சாம்பல் காற்றில் எழுந்து வீடுகளில் படிகின்றது. நீர் தெளித்துத் தூசியை அடக்கலாம். ஆனால் ஊரார் கோரி வந்தது மாற்றிடம்.

புகைபோக்கி வழியே வெளியேறும் கந்தக டைஆக்சைடுக்கு நடுவண் அரசு 2015 டிசம்பரில்தான் முதன்முறையாக நாடு முழுவதற்குமான வரம்பை விதித்தது. இதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. பத்து இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கி.மீ.க்குள் இருப்பவை விலக்குப் பெறவில்லை. தொலைவு நகரிலிருந்தே அளக்கப்படுகின்றது; மதிலை ஒட்டிய சிற்றூர்கள் இவ்வகைப்பாட்டில் கணக்கில் வருவதில்லை.

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வடசென்னை நிலையத்தின் 800 மெகாவாட் திறனுடைய மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் எரிபொருளும் நிலக்கரியே.