மலைக்காற்று யாருக்குரியது?

விடுமுறை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் மலைக்குச் சென்று வருவது இன்று யாவரும் அறிந்த வழக்கம். பினாங்கு மலைக்கும் கேமரன் மலைக்கும் வண்டிகள் நிறைந்து செல்கின்றன. ஆயினும் இவ்வழக்கம் யாருக்காகத் தோன்றியது, யாருடைய உழைப்பால் நிலைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது துரைமார் தமக்கென வகுத்துக்கொண்ட ஏற்பாடு. சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். தோடரும் படகரும் வாழ்ந்து வந்த அம்மலையில் அவர் வித்திட்ட உதகமண்டலம் பிற்காலத்தில் சென்னை அரசாங்கமே கோடைதோறும் குடிபெயரும் ஊராயிற்று. பினாங்கு மலைக்குத் துரைமார் குதிரைமீதும், சுமப்பார் தோளில் ஏற்றிய நாற்காலிமீதும் சென்றனர். இழுவை இரயில் ஓடத் தொடங்கியது 1923இல்தான். பிரேசர் மலை 1922இல் திறக்கப்பட்டது. ஏறுவோர் ஒரு சாரார், சுமப்போர் மற்றொரு சாரார் என்பதே அக்காலத்து மலை வாழ்வின் முறை.

கோடை என்றொரு பருவமே தனியாக இல்லாத சிங்கப்பூருக்கு மலை எங்கே என்று கேட்கலாம். இங்குள்ள மலைகளுள் உயர்ந்தது புக்கிட் தீமா; உயரம் சுமார் 163 மீட்டர். உதகைக்கு முன் இது ஒரு மண்மேடு. ஆயினும் வெயிலில் வெந்த நகரத்தார்க்கு அதுவே போதுமானதாயிருந்தது. 1843இல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாதை வெட்டப்பட்டது. குளிர்ந்த காற்றை அனுபவிக்க வருவோர்க்கு உச்சியில் ஆசனங்களும் போடப்பட்டன.

பாதையை வெட்டியவர் யார்? அக்காலத்துச் சிங்கப்பூரின் சாலைப் பணி பெரும்பாலும் இந்தியக் கைதிகளின் கைப்பணியே. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பெங்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்த கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொணரப்பட்டனர். முதலில் வந்திறங்கியோர் சென்னை மாகாணத்தவர். காட்டை அழித்ததும், சதுப்பைத் தூர்த்ததும், கல்லை உடைத்ததும் அவர்களே. புலிகளின் தொல்லை மிகுந்த காலத்தில் அவற்றை வேட்டையாடச் சிறு குழுக்களாக அனுப்பப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். சிராங்கூன் சாலையில் அரசாங்கச் செங்கற் சூளை நடத்தியோரும் அவர்களே. அங்குச் சுட்ட கல் 1867ஆம் ஆண்டு ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் கவர்னர் மாளிகையும் அவர்கள் கைவண்ணம். 1873இல் அச்சிறை மூடப்பட்டது. தண்டனை முடியாதோர் பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர்.

கைதி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்போர் நம்மில் உண்டு. குற்றம் புரிந்தோர் அவர்களில் இருந்தனர், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடல் கடத்தப்பட்டவர் எல்லாரும் திருடரல்லர். சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவரைச் சேர்ந்தோரும் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டது சரித்திரம். மேலும், குற்றத்துக்குரிய தண்டனையை அனுபவித்தவனுக்கு அவன் செய்த வேலையின் பெருமையையும் மறுப்பது எந்த நியாயம்?

ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு வாலஸ் என்ற அறிஞர் பெயர் சிறு வயதிலேயே தெரியும். 1854இல் வந்த அவர், இம்மலைக் காட்டில் சுமார் இரண்டு மாதத்தில் எழுநூறு வகை வண்டுகளைச் சேகரித்தார் என்று மனப்பாடம் செய்தேன். சாலை போட்ட மனிதரைப் பற்றி ஒரு வரியும் படித்ததாக நினைவில்லை. வண்டின் வகை தெரிந்தது. பாட்டன் செய்த வேலை தெரியவில்லை. தோட்டத்தில் கிராணி வேலைக்கு வந்து, விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதுதான் அக்குறை எனக்கு உறைத்தது. ஏட்டில் பெயர் இருக்கிறது. அப்பெயருக்குரியவன் செய்த வேலை யார் நினைவில் இருக்கிறது?

சென்ற விடுமுறையில் என் மருமக்களுடன் அம்மலை ஏறினேன். அடிவாரத்தில் கல்லுடைத்த பள்ளங்கள் இன்று நீர் நிறைந்து அமைதியாயிருக்கின்றன. வழியெங்கும் பெருமரங்களின் நிழல். உச்சியில் சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர், நம்மவர் எல்லாரும் வியர்வை துடைத்து ஒரே காற்றை வாங்கிக்கொண்டிருந்தனர். நாற்காலியில் சுமக்கப்பட்டு வந்தவர் ஒருவருமில்லை. நான் கண்ட மாறுதல்களுள் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

அன்று மாலை தேக்காவுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையாதலால், தமிழகத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் இளைஞர்கள் புல்வெளியிலும் நடைபாதையிலும் கூடியிருந்தனர். இந்நகரத்தின் சாலைகளையும் மாடிகளையும் இன்று எழுப்புவோர் இவர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டம் தந்த உரிமை. ஆனால் அந்நாளை எங்கே கழிக்கலாம் என்று இவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் யார்? “புக்கிட் தீமா போனதுண்டா, தம்பி?” என்று ஒருவரிடம் கேட்டேன். “அங்கெல்லாம் நம்மை விடுவாங்களா, அண்ணே?” என்றார். அந்தக் கேள்வி என்னைத் தலைகுனியச் செய்தது.

விடுவார்கள், தோழர்களே! கட்டணமில்லை, யார் அனுமதியும் வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் அதே இரயில் பாதையில் பியூட்டி வோர்ல்டு. அங்கிருந்து சிறிது தூர நடை. நகரத்துத் தமிழர் தம் பிள்ளைகளோடு ஒரு தொழிலாளித் தம்பியையும் அழைத்துச் செல்லட்டும். தோட்டத்துத் தமிழர் விடுமுறைக்கு இந்நகர் வந்தால் கடைவீதியோடு திரும்பாதிருக்கட்டும். உச்சியில் அமர்ந்து, அங்கு வரும் பாதையை வெட்டியவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். மலைக்காற்று ஒரு சாராருக்கென்றிருந்த காலம் போயிற்று. நமக்கு உரிமையில்லை என்ற எண்ணமும் போக வேண்டும்.